சிவப்பு ஊசியும் ஒரு பிடி அரிசியும்

ஓசூரில் நான் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்த தொழிற்சாலையின் முதலுதவி அறையில் இப்போது ஒரு நர்ஸ் இருக்கிறார். போன மாதம் எனக்குப் போன் செய்தார். கம்பெனியில் இளவட்டங்கள் சேர்ந்து சைக்கிள் குழு ஆரம்பித்திருக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாகக் கிருஷ்ணகிரி சாலையில் கிளம்பிவிடுகிறார்களாம். திங்கட்கிழமை ஆளுக்கொரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து, இந்தப் பவுடரைச் சாப்பிடலாமா, அந்த மாத்திரையைப் போடலாமா என்று அவர் உயிரை எடுக்கிறார்களாம். "உங்க காலத்துல ரேஸுக்குப் போறவங்களுக்கு நீங்களே ஊசி போடுவீங்களாமே சார், உண்மையா?" என்றார்.

உண்மைதான். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால், "எழுதி அனுப்பறேம்மா" என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் முதலில் மூக்குக்கு வருவது ஸ்பிரிட் வாசனைதான். அதற்கப்புறம் காலை ஷிப்ட் சங்கு. அதற்கப்புறம் முனிராஜ்.

என் பெயர் காதர். அத்தா கிருஷ்ணகிரியில் புளி வியாபாரம். கடையில் உட்காரும் பொறுமை எனக்கு இல்லை என்று தர்மபுரிக்குக் கம்பவுண்டர் படிக்க அனுப்பினார். இரண்டு வருடம் அங்கே கற்றதில் பாதி, கண்ணாடி சிரிஞ்சை விரிசல் விடாமல் கொதிக்க வைப்பது. எழுபதுகளின் கடைசியில் ஓசூர் தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்கிற இந்தக் கம்பெனியில் வேலை கிடைத்தது. ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு மருந்து அலமாரி, வடக்குப் பக்கம் ஒரு பெரிய ஜன்னல். அந்த ஜன்னல் வழியாக வரும் வெளிச்சத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

டாக்டர் சுமித்ரா வாரத்தில் மூன்று நாள் பெங்களூரிலிருந்து வருவார். திங்கள், புதன், வெள்ளி. கன்னடக்காரர், தமிழை ஓசூருக்கு வந்துதான் கற்றார். யார் எதைச் சொல்லிக்கொண்டு வந்தாலும் அதை முதலில் காதில் வாங்க மாட்டார். முதலில் நகம். அப்புறம் நாக்கு. அப்புறம் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்து உள்ளே என்ன நிறம் என்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் "ஏனு, என்னன்னு சொல்லுங்க" என்பார். "தலவலின்னு போனா நகத்தப் பாக்கறாங்க பாய், இவங்க டாக்டரா, வளையல்காரம்மாவா?" என்று தொழிலாளிகள் என்னிடம் வந்து சலித்துக்கொள்வார்கள். அந்த அம்மா யாரையும் திட்டியதில்லை. கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். "நோடி, காதர்" என்று ஆரம்பிப்பார். கன்னடத்தில் 'பாருங்க' என்றுதான் அர்த்தம். எனக்கு மட்டும் அது கேட்டவுடன், என்ன தப்புச் செய்தோம் என்று யோசனை ஓடும்.

பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு, தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்குள் சைக்கிள் பந்தயம் நடக்கும். ஓசூரில் கிளம்பி, சூளகிரி தாண்டி, மேலுமலை இறங்கி, குருபரப்பள்ளியில் ஒரு டீக்கடையைச் சுற்றித் திரும்ப வேண்டும். போகிற பாதை இறக்கம், அதனால் போகும்போது எல்லோரும் சிங்கம்தான். திரும்பினவுடன் எதிரே மேலுமலை ஏற்றம் நிற்கும். பந்தய சைக்கிள் யாரிடம் இருந்தது? வேலைக்கு வருகிற அதே சைக்கிளில் கேரியர், மட்கார்டு, ஸ்டாண்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஓட்டுவார்கள். மறுநாள் காலையில் சாப்பாட்டுத் தூக்கை மாட்ட இடமில்லாமல் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வருவார்கள்.

இந்தப் பந்தயத்துக்குள் ஊசி நுழைந்தது என்னால்தான். ஒருவனுக்குப் பந்தயத்துக்கு முந்தின நாள் கால் குடைச்சல். வைட்டமின் ஊசி ஒன்று போட்டேன், சிவப்பாக இருக்கும். கூடவே மூன்று நாளைக்கு பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் கொடுத்தேன். அவன் இரண்டாவதாக வந்து தொலைத்தான். அடுத்த வருடம் சைக்கிள் ஓட்டுகிற அத்தனை பேரும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். சிவப்பு ஊசி இல்லாமல் பந்தயம் இல்லை என்று ஆகிவிட்டது. இடது கையில்தான் போட வேண்டுமாம். சைக்கிளில் இடது பக்கம்தானே ஏறுகிறோம்!

பந்தயத்துக்கு முன்னால் இன்னொரு கூத்தும் உண்டு. அந்த மாத்திரையைப் போட்டால் சிறுநீர் மஞ்சளாகப் போகும். சத்து ரத்தத்தில் கலந்ததற்கு அதுதான் அத்தாட்சி என்று இவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். காலை ஷிப்டில் கழிப்பறையில் வரிசையாக நின்றுகொண்டு, "எனக்குத்தான்டா நல்ல மஞ்சள்", "போடா, உன்னுது எலுமிச்ச, என்னுது மாம்பழம்" என்று போட்டி. டாக்டரிடம் இதைச் சொன்னபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "உடம்புக்கு வேண்டாததுதான் காதர் வெளில போறது. நிறைஞ்ச குடத்துல ஊத்தினா வழியத்தானே செய்யும்? வருஷத்துக்கு ஒரு ஊசி, போகட்டும். குறை இருக்கறவனுக்கு என்ன குறைன்னு பாக்காம எதையும் போடாதீங்க" என்றார். நானும் சரி என்றுதான் தலையாட்டினேன்.

முனிராஜுக்கு ஊர் உத்தனப்பள்ளி. தினமும் அங்கிருந்து சைக்கிள் மிதித்து வந்து, எட்டு மணி நேரம் பிரஸ் மெஷினில் நின்று, மறுபடி மிதித்துப் போய்த் தக்காளித் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டுவான். இருபத்தாறு வயது இருக்கும். ஐந்து வருடமாகத் தற்காலிகத் தொழிலாளி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிறுத்திவிட்டு, பதினைந்து நாள் கழித்துக் கூப்பிடுவார்கள். அந்தப் பதினைந்து நாளும் அவன் முகத்தைப் பார்க்க முடியாது. எண்பதுகளின் நடுவில் நிர்வாகம் ஒரு அறிவிப்புப் போட்டது. பந்தயத்தில் முதல் மூன்று இடத்துக்குள் வருகிற நம் கம்பெனி ஆள், தற்காலிகமாக இருந்தால் நிரந்தரம் ஆக்கப்படுவான். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று முனிராஜ் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். அவனை மிஞ்ச எங்கள் கம்பெனியில் ஆள் இல்லை.

ஆனால் பயிற்சி ஆரம்பித்ததும் அவன் பின்தங்கினான். ஞாயிறு காலையில் முதலுதவிப் பையோடு மொபெட்டில் பின்னாலேயே போவது என் வேலை. மேலுமலையில் பாதி ஏற்றத்தில் இறங்கி, ஹேண்டில்பாரில் நெற்றியை வைத்துக்கொண்டு மூச்சு வாங்குவான். "இன்னா ஆச்சு முனிராஜு?" என்றால், "சத்து பத்தல பாய். செவப்பு ஊசி ஒண்ணு போட்டுடுங்க, சரியாப் பூடும்" என்பான். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பிடி பச்சரிசி வைத்திருப்பான். சைக்கிள் ஓட்டும்போதும் மெஷினில் நிற்கும்போதும் அதையே மென்றுகொண்டிருப்பான். "அரிசி மில்லு வந்துகினு இருக்குது" என்று கிண்டல் செய்வார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல் எரிச்சல் வருகிறது.

டாக்டர் வராத சனிக்கிழமைகளில் அவனுக்கு ஊசி போட ஆரம்பித்தேன். வாரம் ஒன்று, கூடவே அந்த பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை. மருந்துப் பதிவேட்டில் எதையாவது எழுத வேண்டுமே? 'உடைந்தது' என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதினேன். ஆம்ப்யூல் என்பது கண்ணாடிக் குப்பி. கழுத்தில் சின்ன அரத்தால் கீறி ஒடிக்க வேண்டும், சில சமயம் கையிலேயே நொறுங்கும். அதனால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று எனக்குத் தைரியம். அவன் வந்து "மஞ்சளாத்தான் போவுது பாய்" என்று சொல்லும்போது எனக்கும் ஒரு நிம்மதி. படித்தவன் நான், அவனோடு சேர்ந்து நானும் அதை நம்பினேன்.

பந்தயத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, மேலுமலை ஏற்றத்தில் முனிராஜ் சைக்கிளோடு சாய்ந்தான். பின்னால் வந்த லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே விலகிப் போனது. ஒரு முழம் இந்தப் பக்கம் விழுந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அவன் நெஞ்சில் காது வைத்தால் குதிரை ஓடுகிற மாதிரி அடித்துக்கொண்டது. மறுநாள் திங்கள். டாக்டர் முன்னால் கொண்டு வந்து நிறுத்தினேன்.

நகத்தைப் பார்த்தார். கரண்டி மாதிரி குழிந்திருந்தது. நாக்கு வழவழவென்று இருந்தது. கீழ் இமையை இழுத்தார். உள்ளே சிவப்பு என்பதே இல்லை, உரித்த வெங்காயம் மாதிரி வெளுத்திருந்தது. ஐந்து வருடம் அவனோடு பேசிப் பழகிய நான் ஒருநாளும் அந்த இமையை இழுத்துப் பார்த்ததில்லை.

சட்டைப் பை புடைத்திருப்பதைப் பார்த்து, "பாக்கெட்ல என்ன?" என்றார்.

முனிராஜ் தயங்கித் தயங்கி எடுத்து மேஜையில் வைத்தான். ஒரு காகிதப் பொட்டலத்தில் நான்கு வெள்ளை மாத்திரைகள். இரவெல்லாம் வண்டி ஓட்டுகிற லாரிக்காரர்கள் தூக்கம் வராமல் இருக்கப் போட்டுக்கொள்வது. குருபரப்பள்ளியில் ஒரு கிளீனரிடம் வாங்கினானாம். எனக்கே அது புதுச் செய்தி. பொட்டலத்தோடு அந்தப் பச்சரிசியும் மேஜையில் கொட்டியது.

மாத்திரையைப் பார்த்துத்தான் டாக்டர் பதறுவார் என்று நினைத்தேன். அதை ஓரமாகத் தள்ளிவிட்டு அரிசியைக் கையில் எடுத்தார். "இது எத்தனை நாளா?"

"ஒரு வருசமா மேடம். வாயி கேட்டுகினே இருக்குது. சில நாளு செவுத்து மண்ணக்கூட..." என்று சொல்லி அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ரத்தத்துல இரும்பு இல்லைன்னா இப்படித்தான் வாய் அலையும். அந்த வெள்ளை மாத்திரை உனக்கு பலம் குடுக்காது முனிராஜ். களைப்பா இருக்குன்னு சொல்ற வாயை மட்டும்தான் அடைக்கும்" என்றார். அவனைத் திரைக்குப் பின்னால் கட்டிலில் படுக்க வைத்தார். பிறகு மருந்துப் பதிவேட்டைக் கேட்டார்.

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார். குரல் இறங்கியது.

"நோடி, காதர். ரெண்டு மாசத்துல எட்டு ஆம்ப்யூல் உடைஞ்சிருக்கு. எட்டும் சனிக்கிழமைலயே உடைஞ்சிருக்கு. உங்க கை நடுங்குதா?"

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"கையை நீட்டுங்க."

நீட்டினேன். விரல்களின் மேல் ஒரு வெள்ளைத் தாளை விரித்தார். நடுக்கம் இருந்தால் தாளின் ஓரம் படபடக்கும். தாள் அசையவே இல்லை.

"நடுங்கலையே" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். சட்டியைப் பார்க்காமல் அகப்பைக்கு முலாம் பூசிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "ரத்தம் எடுங்க" என்றார்.

அந்தக் காலத்தில் ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்ப்பது வேறு மாதிரி. அளவுக் கோடு போட்ட ஒரு மெல்லிய குழாய், இரண்டு பக்கமும் பழுப்புக் கண்ணாடித் துண்டு. குழாயின் அடிக்கோடு வரை அமிலம் விட வேண்டும். விரலில் குத்தி, பிப்பெட் என்ற கண்ணாடிக் குழலில் ரத்தத்தை வாயால் உறிஞ்சி, குறி வரை வந்ததும் அமிலத்தில் விட்டுப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். ரத்தம் காப்பி நிறமாகும். அப்புறம் காய்ச்சி வடித்த தண்ணீரை ரப்பர் குமிழ் வைத்த பில்லரில் சொட்டுச் சொட்டாக விட்டுக் கண்ணாடிக் குச்சியால் கலக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். பக்கத்துக் கண்ணாடியின் நிறத்துக்கு வெளுத்ததும் நிறுத்திக் கோட்டைப் படிக்க வேண்டும். நல்ல ரத்தம் நிறையத் தண்ணீர் குடிக்கும். முனிராஜ் ரத்தத்துக்குக் கொஞ்சம்தான் விட்டேன், அதற்குள் வெளுத்துவிட்டது. தண்ணீர் ஏழாவது கோட்டைக்கூடத் தொடவில்லை. இருக்க வேண்டியதில் பாதி.

டாக்டர் தாளை எடுத்து, மூன்று மாதத்துக்குப் பந்தயத்துக்குத் தகுதி இல்லை என்று எழுதினார். திரைக்குப் பின்னாலிருந்து முனிராஜ் எழுந்து வந்துவிட்டான்.

"மேடம், மூணாவதா வந்தாப் போதும் மேடம். பர்மனெண்ட் ஆயிடுவேன். ஒரே ஒரு நாளு."

"அந்த ஒரு நாள்ல லாரிக்கு அடில போனா, பர்மனெண்ட் ஆர்டரை யார் கைல குடுக்கறது?"

வெளியே வந்ததும் அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "நீங்க வாய மூடிகினு இருந்திருக்கலாம் பாய். கண்ணு முன்னாடி இருந்த சோத்துல மண்ணப் போட்டுட்டீங்க" என்றான். நான் ஊசி போட்டதற்கு அல்ல, உண்மையைச் சொன்னதற்குத்தான் அவனுக்குக் கோபம்.

புதன்கிழமை அவன் மலத்தைப் பரிசோதித்தோம். டாக்டர் தன் படிப்புக் காலத்து நுண்ணோக்கியைக் கொண்டுவந்து ஜன்னலோரம் வைத்திருந்தார். தானும் பார்த்துவிட்டு அவனையும் பார்க்கச் சொன்னார். உள்ளே நீள்வட்டமாக, மெல்லிய ஓட்டோடு, கொக்கிப்புழுவின் முட்டைகள். வெறுங்காலோடு ஈர மண்ணில் நிற்கும்போது அந்தப் புழு பாதத்து வழியாக உள்ளே போய், குடலில் தொற்றிக்கொண்டு ரத்தம் குடிக்கும் என்று விளக்கினார். முனிராஜ் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

"அடப் பாவிங்களா! இத்தினி பேரா என் சைக்கிள்ல டபுள்ஸ் வந்துகினு இருந்தீங்க?" என்றான். டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த வாரத்தில் நாங்கள் சிரித்தது அப்போது மட்டும்தான்.

மூன்று நாள் பூச்சி மாத்திரை. ஆறு மாதத்துக்கு இரும்பு மாத்திரை. அதைப் போட்டால் டீ கூடாது. "வைட்டமின் வேணும்னா தினம் ஒரு நெல்லிக்காய் தின்னு, அது இரும்பை உள்ள இழுக்கும்" என்றார். மறுநாளைக்குள் அவனுக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கி வைக்க என்னிடம் சொன்னார். ஆம்ப்யூல் அலமாரியின் சாவி அவர் கைப்பைக்குப் போய்விட்டது. அடுத்த ஒரு வருடம், ஒவ்வொரு ஊசிக்கும் நான் அவரிடம் கைநீட்டிச் சாவி வாங்கினேன். எனக்கு அது வேண்டியதுதான்.

பந்தயம் அவன் இல்லாமல் நடந்தது. எங்கள் கம்பெனியில் யாரும் முதல் மூன்றுக்குள் வரவில்லை. நல்லவேளை, அறிவிப்பை எடுக்காமல் அடுத்த வருடத்துக்கும் வைத்தார்கள். ஆனால் முனிராஜ் முதலுதவி அறைப் பக்கமே வருவதை நிறுத்திவிட்டான். செருப்பும் மாத்திரையும் என் மேஜையிலேயே கிடந்தன. பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிறு மொபெட்டை எடுத்துக்கொண்டு உத்தனப்பள்ளிக்குப் போனேன். அவன் தோட்டத்தில் மடை திருப்பிக்கொண்டிருந்தான், வெறுங்காலோடு. என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மண்வெட்டியைப் பிடித்தான். அவன் மனைவி மங்கம்மாதான் வாங்கிக்கொண்டாள்.

"செருப்புப் போட்டா மண்ணு தெரியலயாம் பாய் இவருக்கு. மண்ணு தெரிஞ்சு இன்னா, ஆளு மண்ணாப் போவாம இருக்கணுமே. மாத்தர நான் குடுக்கறேன், நீங்க போங்க" என்றாள்.

மாதம் ஒருமுறை போனேன். நான்காவது மாதம் என்று நினைக்கிறேன், மங்கம்மா வாசலுக்கு ஓடி வந்தாள். "பாய், இப்பல்லாம் அரிசி டப்பா கொறயறதில்ல!" என்றாள். அன்றைக்குத்தான் முனிராஜ் என்னிடம் பேசினான். "டீ சாப்பிடுங்க பாய். எனக்குத்தான் கூடாதுன்னுட்டாங்க, உங்களுக்கென்ன" என்றான்.

மறு வருடம் பொங்கல் வந்தது. பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, எல்லோரும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். கடைசியில் முனிராஜ்.

"உனக்கு எதுக்கு ஊசி?" என்றார் டாக்டர்.

"பயமா இருக்குது மேடம். மனசுக்கு ஒரு தெம்பு."

"மனசுக்குன்னா கைல எதுக்குப் போடணும்?" என்று சொல்லிவிட்டு, சாவியைக் கைப்பைக்குள் போட்டு மூடினார். அந்த வருடம் ஒருவருக்கும் ஊசி இல்லை. முணுமுணுத்துக்கொண்டே போனார்கள்.

ஞாயிறு காலை பனியில் மேலுமலை உச்சியில் மொபெட்டை நிறுத்திக் காத்திருந்தேன். இரண்டு பேர் ஏறி வந்து கடந்து போனார்கள். மூன்றாவதாக, இறங்காமல், உட்கார்ந்தபடியே மிதித்துக்கொண்டு முனிராஜ் வந்தான். பல்லைக் கடித்திருந்தான். வாயில் அரிசி இல்லை. அதே மூன்றாவது இடத்தில்தான் ஓசூர் போய்ச் சேர்ந்தான். அவ்வளவு போதும்.

ஆனால் நிரந்தர உத்தரவுக்கு மருத்துவத் தகுதிச் சான்று வேண்டும். ஹீமோகுளோபின் பன்னிரண்டுக்குக் குறைந்தால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அந்த அம்மா சொன்னால் சொன்னதுதான். மறுநாள் விரலைக் குத்தும்போது முனிராஜ் என் காதருகே மெதுவாகச் சொன்னான். "பாய், ஐப்பசி மழையில செருப்பு ஓடையோட பூடுச்சி. ஒரு மாசம் சும்மாக் காலோடதான் தண்ணி கட்டினேன்."

புழு மறுபடி ஏறியிருந்தால்? ரத்தத்தை அமிலத்தில் விட்டேன். பத்து நிமிடம். ஷிப்ட் சங்கு ஊதி அடங்கியது. ஜன்னலோரம் போய்த் தண்ணீர் விட ஆரம்பித்தேன். ஒரு சொட்டு, ஒரு கலக்கு, ஒரு பார்வை. ஏழைத் தாண்டியது. ஒன்பது. பத்து. முனிராஜ் ஸ்டூலில் உட்கார்ந்து குழாயைப் பார்க்காமல் வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினொன்று. டாக்டர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். பன்னிரண்டாவது கோட்டில் தண்ணீர் நின்றது. குழாயைத் தூக்கிப் பிடித்தேன். பக்கத்துக் கண்ணாடியைவிட ரத்தம் இன்னும் அழுத்தமாக, காப்பி டிக்காஷனாக இருந்தது.

"பன்னெண்டுலயும் வெளுக்கலை. இன்னும் தண்ணி விடுங்க" என்றார்.

பில்லர் நுனியில் ஒரு சொட்டு தொங்கியது. விழாமல் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே இருந்தது.

"உங்க கை நடுங்குதா, காதர்?"

"ஆமா மேடம். நடுங்குது."

"நடுங்கட்டும். இன்னொரு சொட்டு விடுங்க."